நானூற்று இருபதாவது அடியில் இலை

மதுரைவீரன் அந்தச் சீட்டை அமுதவல்லியிடம் கொடுத்தது, முதல் கீமோவுக்காகத் திருச்சிக்குக் கிளம்பிய காலையில். ஆறே முக்கால் பஸ். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறையை, மடங்காமல், ஒரு சின்ன மஞ்சள் பைக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு போட்ட நோட்டுத் தாளில் கிழித்து நான்காக மடித்த சீட்டு.

"நம்ம வழக்கந்தான்," என்றார். "எண் எழுதியிருக்கேன். படிச்சிட்டு வச்சுக்க. எங்கிட்டத் திருப்பிச் சொல்ல வேணாம்."

அவள் பிரித்துப் படித்தாள். 6 என்று எழுதியிருந்தது. மறுபடி மடித்து, அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்கு அடியில் வைத்தாள்.

"இன்னொண்ணு. ஆறு முடிஞ்சு... எத்தனையோ முடிஞ்சு, இன்னும் ஒண்ணு போட்டுப் பாப்போம்னு நான் கெஞ்சினா கேக்காத. நடுவுல, போதும் விட்டுருன்னு சொன்னாலும் கேக்காத. கிணத்துக்காரனுக்கு வாய் கிடையாது."

"இதுல நீங்க கிணத்துக்காரரா, கிணறா?"

அவர் கடைசிப் பொத்தானைப் போட்டார். "ரெண்டுந்தான்," என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இந்தச் சீட்டு விவகாரம் என்னவென்று விளங்க வேண்டுமானால் அவர் பார்த்த தொழிலைச் சொல்ல வேண்டும். திருமயம் வட்டாரத்தில் மதுரைவீரன்கள் நிறைய, கோயிலில் நிற்பவர் உட்பட. அதனால் இவரை நிப்பாட்டு மதுரைவீரன் என்றார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிக்கு ஏஜெண்டு. யாராவது போர் போட வேண்டுமென்றால் இவரிடம் வருவார்கள். இவர் நாமக்கல் பக்கமிருந்து வண்டியை வரவழைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இறங்கும் ராடுகளை எண்ணி எழுதுவார். ஒரு ராடு இருபது அடி. பூமிக்குள் எத்தனை அடி போயிருக்கிறது என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.

மற்ற ஏஜெண்டுகள் அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கினார்கள். இவர் எத்தனை அடி போனாலும் ஒரே கூலி. ஆழத்துக்குக் காசு வாங்குகிறவன் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல் வராது என்பது அவர் கருத்து. அதனால் வண்டிக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. விவசாயிகளுக்கும் பெரிதாகப் பிடித்ததென்று சொல்ல முடியாது. தண்ணீர் வருவதற்கு முன்னால் நிறுத்தச் சொல்கிறவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

படித்தது பி.எஸ்சி. கணக்கு, புதுக்கோட்டையில். மூன்றாம் வருடத்தில், கரண்டு போன ஒரு மத்தியானம், விரிவுரையாளர் ஒருவர் பொழுதுபோகாமல் பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாராம். ஒன்றன்பின் ஒன்றாக நூறு பேர் வருகிறார்கள், ஒருவரைத்தான் எடுக்கலாம், விட்டவரைத் திரும்பக் கூப்பிட முடியாது; எந்த இடத்தில் நிறுத்துவாய்? முதல் முப்பத்தேழு பேரைச் சும்மா பார்த்து அனுப்பிவிடு. அதற்குப் பிறகு, அதுவரை வந்த எல்லோரையும்விட நல்லவர் ஒருவர் வந்த உடனே பேசாமல் எடுத்துக்கொள். இதைவிட நல்ல வழி கிடையாது. இதிலும் பாதிக்கு மேல் தவறிப்போகும். கரண்டு வந்தது, வகுப்பு பழைய பாடத்துக்குப் போய்விட்டது. மதுரைவீரன் போகவில்லை. சந்தையில் ஆடு வாங்குவதிலிருந்து கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருவதுவரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஆடு சரியாக அமைந்தது. பந்தி எப்போதும் கடைசிதான்.

கல்யாணமான புதிதில் இதைக் கேள்விப்பட்ட அமுதவல்லி ஒருநாள் கேட்டாள். "என்னையும் இப்படித்தான் கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"மொத்தம் ரெண்டு எடந்தான் வந்துச்சு. ரெண்டுக்கு அந்தக் கணக்கு வேலை செய்யாது."

"நான் மொதலா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

"மொதப் பொண்ணை ஏன் விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன். அவங்க வேணாம்னுட்டாங்க."

அவருக்கு அலங்காரமாகப் பேச வராது. முப்பது வருடத்தில் அவள் அதற்குப் பழகியிருந்தாள்.

வேலைக்கான பரீட்சைகள் எழுதி ஓய்ந்து போர் வண்டியோடு சுற்ற ஆரம்பித்தபோது அவர் ஒரு நோட்டுப் போட்டார். ஐந்து பத்தி: பெயர், எண், நிறுத்திய அடி, தண்ணீர், குறிப்பு. இருநூறு கிணறு எழுதி முடித்ததும் அவருக்கு ஒன்று தெரிந்தது. அந்தக் கல்லுப் பூமியில், நூற்றில் அறுபது போர் முந்நூறு அடிக்குள் தண்ணீர் கொடுத்துவிடுகிறது. அடுத்த நூறு அடியில் இன்னும் பதினைந்து. அதற்குக் கீழே ஒரே கருங்கல். மிச்சமிருக்கும் இருபத்தைந்து பேரும் பாதாளம்வரை போனாலும் ஒருவருக்கோ இருவருக்கோதான் ஈரம் தட்டும். ஊருக்கு ஊர் பாறை மாறும், அதனால் எண்ணும் கொஞ்சம் மாறும். ஆனால் எந்த ஊரிலும் ஒரு எண் உண்டு. அதற்கு மேல் இறங்கும் ராடு வீண்.

இது தெரிந்தும் யாராலும் நிறுத்த முடியவில்லை. முந்நூற்றெண்பதில் தூசி மட்டும் பறந்துகொண்டிருக்கும்போது, இவ்வளவு தூரம் வந்தாச்சு என்பார்கள். ஐந்நூறில், ஐந்நூறு வந்துட்டு விடுறதா என்பார்கள். எழுநூறில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாயைத் திறந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "போன அடி கணக்குல வராதுங்க," என்று இவர் சொல்லிப் பார்த்தார். "அடுத்து எறங்கப்போற ராடுல தண்ணி இருக்கா இல்லையா, அது ஒண்ணுதான் கணக்கு." மெஷின் சத்தத்தில் பாதி பேருக்குக் காதில் விழாது.

மெஷின் ஓடும்போது மனிதனால் யோசிக்க முடியாது, யோசிப்பதையெல்லாம் வண்டி வருவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். முதல் நாளே பாறையைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கிணற்றுக்காரர் கையில் கொடுத்தார். கிணற்றுக்காரர்கள் அந்த எண் வந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டார்கள். பிறகு கிணற்றுக்காரரின் அண்ணன் தம்பியிடம் கொடுத்தார். இரண்டு இடங்களில் அடிதடியானது, ஒன்று போலீஸ்வரை போனது. அதன் பிறகுதான் வீட்டுப் பெண்களிடம் கொடுத்தார், இலையோடு சேர்த்து.

ஏற்பாடு இதுதான். எண் அந்த வீட்டம்மாவுக்கு மட்டும் தெரியும். தண்ணீர் வராமலே எண் வந்துவிட்டால், அவர் வெளியே வந்து எதுவும் பேசக் கூடாது. இலையைப் போட்டுச் சோறு வைக்க வேண்டும். இலை போட்டாகிவிட்டால் கிணற்றுக்காரர் கை கழுவி உட்கார வேண்டும். அவர் கை கழுவியதும் மெஷின் நிற்கும். அதுவரை நிற்காது. போட்ட இலையை ஆள் உட்காராமல் காயவிட அந்தப் பக்கத்தில் எவருக்கும் மனம் வராது. வாயால் சொல்லிக் கேட்காததை ஒரு கரண்டி சோறு சாதித்தது.

வண்டியில் மெஷின் ஓட்டிய சூசைராஜ் விராலிமலைக்காரர். லீவரில் கை வைத்தபடி வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். சொம்புத் தண்ணீர் மண்ணில் விழுந்ததும் நிறுத்துவார். "சார், சில எடத்துல நாம பாக்குற ஒரே தண்ணி இதுதான்," என்பார்.

மதுரைவீரன் தன் மனைவியிடம் முதல்முறை சீட்டுக் கொடுத்தது 2003 வறட்சியில், அவர்களுடைய ஒன்றரை ஏக்கரில் போர் போட்டபோது. சீட்டில் 420. அதாவது இருபத்தோரு ராடு. இருபத்தோராவது ராடு இறங்கி முடிந்தபோது வெளியே வந்த தூள் கோதுமை மாவு மாதிரி இருந்தது. அவள் இலையைப் போட்டாள். அவர் கை கழுவினார், உட்கார்ந்தார், சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். வண்டி போய்விட்டது.

அடுத்த மாசியில் பக்கத்து நிலத்துக்காரர் பிச்சை இவரை வைத்தே போர் போட்டார். பிச்சை அமுதவல்லிக்குப் பெரியப்பா மகன். வரப்பிலிருந்து நாற்பது தப்படி தூரம். ஒரே பாறை, ஒரே எண்: 420. ஆனால் பிச்சை நானூற்று நாற்பதுவரை போனார். நானூற்று நாற்பதில் தண்ணீர் வேப்பமர உயரத்துக்கு அடித்தது. ஊரே வந்து நனைந்தது. வரப்பை உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் இவர்கள் நிலத்திலும் கொஞ்சம் பாய்ந்தது. அதில் நின்றுகொண்டுதான் அவள் சொன்னாள்.

"ஒரு ராடு."

"முடிவு சரி," என்றார் மதுரைவீரன். "தண்ணிதான் தப்பு."

அந்தப் பதிலை அவள் மன்னிக்கவில்லை. பிச்சை வாழை போட்டார், கரும்பு போட்டார், மாடி கட்டினார். இவர்கள் தைலமரக் கன்று நட்டார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக ஊரில் எது கொஞ்சம் குறைந்தாலும் ஒரு ராடு குறைச்சல் என்றார்கள். சிமெண்டு ரோடு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்றுபோனால், மதுரைவீரன்தான் காண்டிராக்ட் போல என்றார்கள். டீக்கடையில் பிச்சை தினமும் ஒரே வேடிக்கையைச் செய்தார். "மாப்ள, கிளாஸ்ல பாதியில நிப்பாட்டிறாத. இன்னும் ஒரு ராடு குடி." இவர் மீதியைக் குடித்துவிட்டு, "குடிச்சிட்டேன் மச்சான், தண்ணி வரல," என்பார். "தைரியம் வேணும் மாப்ள. எலைய போட்டாலும் நான் ஏந்திரிச்சேனா? அசையலையே." பிச்சை அதே தைரியத்தில் பிறகு மேல்கரையில் வேறு ஏஜெண்டு வைத்து இரண்டு போர் போட்டார். ஒன்று எண்ணூற்று அறுபது, ஒன்று தொள்ளாயிரத்துப் பத்து. இரண்டிலும் தூசிதான். அவை ஊரில் யார் நினைவிலும் இல்லை.

அவருக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தது போன வருடம் ஐப்பசியில். சிகரெட் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். "அறுநூத்திப் பதினேழு போரோட தூசி," என்றார் இவர். டாக்டர் யோசித்துவிட்டு 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

முதல் ஊசிக்கு முன்னால் பரிசோதனைக்கென்று ஐந்து தடவை திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஐந்து தடவையும் அவர் சும்மா இருக்கவில்லை. வரிசையாக நாற்காலியில் சாய்ந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் போய் விசாரித்தார். எத்தனாவது? எத்தனையில் குறைந்தது? குறையாமல் அதற்கு மேலே போட்டதில் யாருக்காவது குறைந்ததா? நர்ஸ் ஒருத்தி இவரை ஆஸ்பத்திரி ஆள் என்றே நினைத்துக்கொண்டாள். முப்பத்தொரு பேர் சொன்னார்கள். வேறு யாரும் அவர்களை அவ்வளவு விவரமாகக் கேட்டதில்லை, அதனால் சந்தோஷமாகவே சொன்னார்கள். "முப்பத்தொண்ணு கம்மிதான்," என்றார் அமுதவல்லியிடம். "எரநூறு இருந்தா உறுதியாச் சொல்லலாம். அதுவரைக்கும் நமக்கு நேரமில்ல." அதை வைத்துத்தான் 6 என்று எழுதினார்.

சீட்டு கைக்கு வந்த நாளிலிருந்து அமுதவல்லி வீட்டில் வாழையிலை வாங்குவதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமையும் எவர்சில்வர் தட்டு, அமாவாசையும் தட்டு. பொங்கலன்று தட்டில் பொங்கலை வைத்தபோது, சென்னையிலிருந்து வந்திருந்த மகள் வைஷ்ணவி, தொற்று வராமலிருக்க டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் விளக்கவில்லை.

மூன்றாவது முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் குறைந்திருந்தது. திரும்பி வருகையில் கீரனூர் தாண்டியதும் மதுரைவீரன், "ஈரம் தட்டுது," என்றார். அன்றைக்கு அவள் பஸ்ஸில் கொய்யாப்பழம் வாங்கினாள். ஆறாவது முடிந்த ஸ்கேனில் அது பழைய அளவையும் தாண்டியிருந்தது.

"வேற மருந்து மாத்தி ஒண்ணு ரெண்டு போட்டுப் பாக்கலாம்மா," என்றார் டாக்டர். "நிச்சயம்னு சொல்ல மாட்டேன். சிலருக்குக் கேக்குது."

அமுதவல்லி கணவனைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நேற்றைய தேதி இன்னும் கிழிக்கப்படவில்லை. டாக்டரும் அவரைப் பார்த்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"என்னைக் கேக்கக் கூடாதுங்க," என்றார் மதுரைவீரன்.

அவளுக்கு அந்த நேரத்தில் சீட்டு ஞாபகம் வரவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே வந்தது. அதோடு வேப்பமர உயரத்துக்கு அடித்த தண்ணீரும் வந்தது. முழங்கால்வரை சேலையைத் தூக்கிக்கொண்டு, அடுத்தவர் தண்ணீரில், தன் நிலத்தில் நின்றது ஞாபகம் வந்தது.

"போடுங்க டாக்டர்," என்றாள்.

அன்றிரவு தட்டில் சோறு வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தார். பிசைந்து சாப்பிட்டார்.

வைஷ்ணவி போனில் கேட்டாள். "ஏழாவது போடுறதுக்கு அப்பா என்னம்மா சொல்றாங்க?"

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"ஏன், சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. அவர் சொல்லக் கூடாது."

வைஷ்ணவி சண்டைதான் என்று முடிவு செய்து அப்பாவிடம் தனியாகப் பேசினாள். அவர் அவளிடம் சென்னையில் மழை உண்டா என்று விசாரித்தார்.

ஏழாவதில் அவருக்கு வாய் முழுவதும் வெந்துபோனது. ஒன்பது நாள் எதையும் விழுங்க முடியவில்லை. நான்கு நாள் புதுக்கோட்டையில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். முதல் ஊசியின்போது அறுபத்தொரு கிலோ, இப்போது நாற்பத்து நான்கு. இந்த எண்களை அவரே நோட்டில் குறித்துக்கொண்டார், எழுத முடிந்த நாட்களில். வலிக்கிறது என்றார், குளிர்கிறது என்றார். போதும் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அடுப்படி வாசலைப் பார்ப்பார். அவள் கிண்ணத்தில் கஞ்சியோடு வந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். பன்னிரண்டாம் நாள் அந்தப் பார்வை அவளுக்கு எங்கேயோ பார்த்ததாகப் பட்டது. கிண்ணத்தைக் கழுவும்போதுதான் பிடிபட்டது. சூசைராஜ் லீவரில் கை வைத்துக்கொண்டு வீட்டு வாசலைப் பார்ப்பது அப்படித்தான்.

புதிதாக எடுத்த படத்தில் நல்லதாக ஒன்றும் இல்லை. எட்டாவது அடுத்த செவ்வாய்க்கிழமை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை அமுதவல்லி கத்தியை எடுத்துக்கொண்டு பிச்சையின் வாழைத்தோப்புக்குப் போனாள். பிச்சை மோட்டார் கொட்டகைப் பக்கம் மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆத்தா, இங்கிட்டு? மாப்ள எப்படி இருக்காப்ல?"

"இருக்காருண்ணே. ஒரு எலை வேணும்."

"எலைதான, கட்டா வெட்டிக்கிட்டுப் போ. என்ன விசேஷம், யாரும் வாராங்களா?"

"யாரும் வரல. ஒரு எலை போதும்."

பிச்சை மண்வெட்டியைக் கீழே வைத்தார். அந்த ஊரில் அந்த ஏற்பாடு தெரியாதவர் யாரும் இல்லை. அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு தோப்புக்குள் போனார். ஒரு மரத்தைப் பார்த்தார், விட்டார். இன்னொன்றைப் பார்த்தார், காற்றில் கிழிந்திருந்தது என்று விட்டார். இப்படியே நான்கைந்து மரம் பார்த்தார். அமுதவல்லிக்கு அந்த நேரத்திலும், முப்பத்தேழு மரம் பார்க்கப் போகிறாரோ என்று தோன்றியது. ஒரு வழியாகக் கிழியாத நுனியிலையாக ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். உடனே கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒனக்கு ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நம்ம போர்ல... ஒங்க அண்ணி நானூத்தி இருவதுல சரியா எலையப் போட்டுட்டா."

"தெரியும். நீங்கதான் ஏந்திரிக்கலையே. தைரியமா."

"தைரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. அந்தா, அந்தப் புளியமரத்துக்குப் பின்னாடி படுத்தவன் தூங்கிப்போனேன். ஆளைக் காணோம்னு ஒங்க அண்ணி தேடியிருக்கா. கை கழுவ ஆளில்லாம மெஷினு ஓடிக்கிட்டே இருந்திருக்கு. தண்ணி மூஞ்சில அடிச்சுத்தான் முழிச்சேன்."

அவள் புளியமரத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இருவத்திரண்டு வருசமா இதைச் சொல்லலையேண்ணே."

"யாரு கேட்டா?" என்றார் பிச்சை. இலையைக் கொடுத்தார். மறுபடி மண்வெட்டியை எடுத்தார். ஆனால் திறக்க வேண்டிய மடையை அடைத்து, அடைக்க வேண்டியதைத் திறந்தார்.

மத்தியானம் சாதம் வடித்து, ரசம் வைத்து, அவருக்கு விழுங்க முடியும் அளவுக்குப் பருப்பை மசித்தாள். அவரால் தரையில் உட்கார முடியாது. நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் இலையை விரித்தாள். ஸ்டூல் சின்னது, நுனி ஒரு பக்கமும் அடி ஒரு பக்கமும் தொங்கின. கட்டிலிலிருந்து அவர் அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையை ஊன்றி எழுந்து வந்தார். அவள் பிடிக்கப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார். சொம்பைக் கேட்டு வாங்கி, வாசல் பக்கம் கையை நீட்டிக் கழுவினார். தண்ணீர் படியில் விழுந்தது. வந்து உட்கார்ந்தார்.

"ஃபேனை நிப்பாட்டு," என்றார். "எலை பறக்குது."

நிறுத்தினாள்.

பருப்புச் சாதத்தில் மூன்று வாய் சாப்பிட்டார். நான்காவதைப் பிசைந்துகொண்டே, "ஏழு ஆச்சு," என்றார்.

"ஆச்சு."

"ஆறுன்னு எழுதியிருந்தேன்."

"படிச்சேன்."

"ஒரு ராடு."

"ஆமா."

ரசம் கேட்டார். ஊற்றினாள். ஊற்றும்போது கொஞ்சம் ஸ்டூலில் சிந்தியது.

"எண் தாண்டிருச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல," என்றாள். "அப்புறம் எதுக்குப் பேசாம வந்து அந்த ஆஸ்பத்திரி நாக்காலியில உக்காந்தீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனே."

"எலை போடலையே."

சீட்டுக் கொடுத்த வீட்டிலெல்லாம் அவர் சொன்னது அதுதான். அப்போதுதான் அவள் பிச்சை சொன்னதைச் சொன்னாள்: புளியமரம், தூக்கம், மூஞ்சியில் அடித்த தண்ணீர். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ரசத்தை உறிஞ்சினார்.

"நோட்டுல இருக்கே," என்றார்.

"என்ன இருக்கு?"

"எடுத்துப் பாரு. பச்சை அட்டை. 2004."

பீரோவுக்கு மேலிருந்த நோட்டுகளில் பச்சை அட்டையைத் தேடி எடுத்துப் புரட்டினாள். அவருடைய சின்னச் சின்ன எழுத்தில் இருந்தது. பிச்சை. எண் 420. நிறுத்தியது 440. தண்ணீர் உண்டு. குறிப்பு என்ற பத்தியில்: ஆள் தூக்கம்.

"தெரிஞ்சேவா இத்தனை வருசம் அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"ஒங்க அண்ணன் சந்தோஷமா இருந்தாப்ல." கொஞ்சம் யோசித்தார். "சொல்லியிருந்தாலும் நம்ம நிலத்துல தண்ணி வந்திருக்கப் போறதில்ல."

"எனக்கு வயித்தெரிச்சலாவது கொறஞ்சிருக்கும்."

அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையிலிருந்த சாதத்தை இலையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அதைக் கணக்குல எடுக்கல," என்றார்.

ஐந்தாவது வாய் சாப்பிட்டார், அதற்கு மேல் முடியவில்லை. இலையைத் தன் பக்கமாக மடித்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை அவர்கள் ஆறே முக்கால் பஸ்ஸுக்குப் போகவில்லை. அதன் பிறகு நான்கு மாதம் பதினொரு நாள் இருந்தார். பாதி நாள் நன்றாகவே இருந்தார். வாய் ஆறியது. சூசைராஜ் இரண்டு தடவை விராலிமலையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். பிச்சை தினமும் சாயங்காலம் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். பழைய வேடிக்கையைச் செய்ய அவருக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் மதுரைவீரனே, "என்ன மச்சான், ஒரு ராடு குடிக்கச் சொல்லலையா?" என்று கேட்டார். அதன் பிறகு பிச்சை சொன்னார்.

இலையை மடித்த அன்று, அவர் படுத்த பிறகு ஒரு விஷயம் நடந்தது. இப்போது ஓடும் நோட்டை எடுத்து வரச் சொன்னார். கடைசி வரியின் ஓரத்தில் வரிசை எண் 617 என்று இருந்தது. அடுத்த வரியில் எழுதச் சொன்னார். தன்னால் கோட்டுக்குள் எழுத முடியவில்லை என்றார். பெயர்: மதுரைவீரன். எண்: 6.

"நிறுத்தினது ஆறுன்னே போட்டுரவா?" என்று கேட்டாள். "யாரு பாக்கப் போறா?"

"ஏழுன்னு எழுது. பொய்யா எழுதினா, இதை வச்சுக் கணக்குப் போடுற அடுத்தவனுக்குத் தப்பா வரும்."

7 என்று எழுதினாள். தண்ணீர் என்ற பத்தியில் ஒரு கோடு போட்டாள். குறிப்புக்கு என்ன எழுத என்று கேட்கத் திரும்பினாள். அவர் கண்ணை மூடியிருந்தார். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவள் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, அவருடைய எழுத்து அளவுக்கே சின்னதாக, இரண்டு வார்த்தை எழுதினாள்.

இலை தாமதம்.